உயிரோட இருக்க நத்தைக்கு 27,000 வயசா?

பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) உயிருள்ள நத்தையின் ஓட்டைக் கார்பன் முறையில் சோதித்தார்கள். வயது 27,000 என வந்தது! இதை நம்பியா பூமி 6,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது என்கிறார்கள்? அனைவருக்கும் பகிரவும்.

பெரியப்பா: மலரு, நீ பிசிக்ஸ் எடுக்கியே, இதுக்கு என்னம்மா சொல்லுத?

சித்தி: எங்க சபை குரூப்லயும் காலையிலயே வந்துட்டு

மலர்: நத்தை நெசந்தான் பெரியப்பா. அமெரிக்காவுல நெவாடா ஊத்துல உள்ளது. 27,000னு வந்ததும் நெசம். அத அளந்து 1984ல சயின்ஸ் இதழ்ல எழுதுனதே ஒரு விஞ்ஞானிதான். ஏன் அப்படி வருதுன்னும் அதுலயே இருக்கு. இந்த மெசேஜுல அந்தப் பாதிய வெட்டிட்டாங்க.

மலர்: நம்ம போர் தண்ணிய காய்ச்சுனா பானை அடியில வெள்ளையா படியும்லா? பெரியம்மா புளி போட்டுத் தேய்ப்பாங்களே, பாறையில இருந்து கரைஞ்சு வந்த சுண்ணாம்பு அது. கார்பன்-14ங்கது கார்பன்ல ஒரு வகை. அது மேல காத்துலதான் உண்டாகும், 5,730 வருஷத்துல பாதியாயிரும். அது எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்துத்தான் வயசு சொல்லுதாங்க, கம்மியா இருந்தா பழசுன்னு அர்த்தம். பாறைக்குள்ள கெடந்த கார்பன்ல அது எப்பவோ தீந்துட்டு. அந்த ஊத்துத் தண்ணியும் அப்படித்தான், நத்தை அத வச்சுத்தான் ஓடு கட்டுது. பொறக்கும்போதே ஓட்டுல கார்பன்-14 கம்மி, அதான் ரொம்பப் பழசு மாதிரி காட்டுது.

பெரியப்பா: அப்ப மரத்துக்கும் அதே கததான?

மலர்: மரமும் நெல்லும் காத்துல இருந்துல்லா எடுக்கு. அதான் கரிக்கட்டை, விதைன்னு தேடித் தேடி அளக்காங்க. கடல் சிப்பின்னா அப்படிக் கூடுதலா காட்டுத வயச தனியா கழிச்சுத்தான் சொல்லுவாங்க.

தம்பி: அக்கா, அந்தக் காலத்து காத்துலயும் இதே அளவு இருந்துச்சுன்னு எப்படி தெரியும்?

மலர்: இதே அளவு இல்லடா, கூடக் கொறைய இருந்திருக்கு. அதான் வயசு தெரிஞ்ச பொருள வச்சு சரி பண்ணுதாங்க. ஜப்பான்ல சூய்கெட்சுன்னு ஒரு ஏரி. வசந்தத்துல நுண்பாசி படிஞ்சு வெள்ளை வரி, மத்த மாசம் களிமண் படிஞ்சு கருப்பு வரி. வரிய எண்ணி, அதுல சிக்குன இலையில கார்பன்-14ஐ அளந்து, 50,000 வருஷத்துக்கு மேல கணக்கு போட்டுட்டாங்க. பூமிக்கு 6,000 வயசுதான்னா அந்த ஏரிக்கு வருஷத்துக்கு எட்டு வசந்தம் வந்திருக்கணும்.

தம்பி: டைனோசர்?

மலர்: அதுக்கு இது ஆகாது. 50,000 தாண்டுனாலே அளக்க மிச்சம் இருக்காது.

பெரியப்பா: நான் வேதத்த நம்புதவன்மா.

மலர்: நானும் ஞாயித்துக்கிழமை உங்க பக்கத்துலதான பெரியப்பா உக்காருதேன். பாதிய வெட்டுன சேதிய வேதத்துக்குச் சாட்சியா வைக்கதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

பெரியப்பா: சபை குரூப்ல போட்டது நாந்தான். அந்தப் பானை சமாச்சாரத்த ஒரே மெசேஜா எழுதித் தா, அங்கயும் போடுதேன்.

சித்தி: ஏரி போட்டோ இருந்தா அனுப்பு மலரு

மலர்: அங்க மியூசியத்துல அந்த வரிய 45 மீட்டர் நீளத்துக்கு வரிசையா வச்சிருக்காங்க சித்தி. இந்தா அனுப்புதேன்.