டெர்பி ஆர்போரேட்டம்: பொதுப் பூங்காவா, டிக்கெட் பூங்காவா?

வேர்க்கால்: "இங்கிலாந்தின் முதல் பொதுப் பூங்கா பர்கன்ஹெட்" என்று நேற்று ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். பர்கன்ஹெட் திறந்தது 1847. டெர்பி நகரத்து ஆர்போரேட்டம், அதாவது மரத்தோட்டம், திறந்தது 1840 செப்டம்பர் 16. ஆலை முதலாளி ஜோசப் ஸ்ட்ரட் சொந்தக் காசில் 11 ஏக்கரில் அமைத்து ஊருக்கு எழுதிக் கொடுத்தது. கழித்தல் தெரிந்தால் போதும்.

கல்தச்சன்: அடித்துவிட்டது நான்தான். ஞாயிறும் புதனும் மட்டும் இலவசம், மற்ற ஐந்து நாள் காசு. 1882 வரை இதே கதை. வாசலில் காசு வாங்கினால் அது பொருட்காட்சி.

வேர்க்கால்: பராமரிப்புப் பணம் வானத்திலிருந்தா கொட்டும்? அதற்குத்தான் கட்டணம். வேலைக்காரர்களுக்கு ஓய்வு ஞாயிறுதான், அன்றைக்கு இலவசம். அதைப் பார்க்கமாட்டீர்கள். அதை வடிவமைத்த லௌடன் போட்ட வரைபடத்தையாவது பார்த்தீர்களா? இடம் சின்னது. பாதைகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கும் மேலே மண்மேடு போட்டார். இந்தப் பாதையில் போகிறவர் கண்ணுக்கு அந்தப் பாதை தெரியாது, தோட்டம் பெரிதாகத் தோன்றும். ஒவ்வொரு மரத்தையும் தனித்தனி மண்குவியலில் நட்டார். குழியில் நட்டால் மண் அமுங்க அமுங்க அடித்தண்டு புதைந்து பட்டை அழுகும். குவியல் என்றால் அமுங்கின பிறகும் வேர்க்கழுத்து, அதாவது வேரும் தண்டும் சேருமிடம், வெளியே நிற்கும். மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை வேறு.

கல்தச்சன்: பாடம் அருமை. ஐந்து நாள் காசு.

சிட்டுக்குருவி: அங்கே இருக்கும் காட்டுப்பன்றிச் சிலையும் 1840-லிருந்து நிற்கிறதாமே?

வேர்க்கால்: இல்லை. பழசின் தலை 1941 குண்டுவீச்சில் போச்சு. இப்போதிருப்பது 2005-இல் வைத்தது.

கல்தச்சன்: பன்றியை விடுங்கள். பர்கன்ஹெட் பொதுப் பணத்தில் கட்டியது, யார் தயவும் இல்லை. பின்னாளில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட் 1850-இல் பார்த்து அசந்துபோனது அதைத்தான்.

வேர்க்கால்: ஓம்ஸ்டெட் அசந்தால் ஆண்டு மாறிவிடுமா? "பொதுப் பணத்தில் கட்டிய முதல் பூங்கா" என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நேற்று அந்த "பொதுப் பணம்" எங்கே போயிருந்தது?

சிட்டுக்குருவி: 'பொதுப் பூங்கா' என்றால் என்னவென்று முதலில் முடிவு செய்யலாமே?

வேர்க்கால்: குறுக்கே வராதீர்கள் தம்பி. மூன்று மாதம் முன்னால் லண்டன் கண்ணாடி மாளிகை பற்றிய விவாத இழையிலும் இவர் இப்படித்தான், அதையும் பர்கன்ஹெட்டையும் வடிவமைத்த பாக்ஸ்டன் பெயர் வந்தால் போதும், சாமி வந்துவிடும்.

கல்தச்சன்: உங்களுக்கு முதலாளி பெயர் வந்தால் வருகிறதே, அதே சாமிதான். ஐந்து நாள் காசு.

வேர்க்கால்: 1840.