சபை வளாகத்தில் பொங்கல் வைக்கலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

தேரிக்காடு எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள். சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகர கமிட்டியில் இது எனக்கு இரண்டாவது வருடம்.

தை முதல் நாள் காலை ஆராதனை முடிந்ததும் கோயில் (சர்ச்) வளாகத்தில் பொங்கல் வைக்க வேண்டும் என்று வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள். தெருவுக்கு ஒரு பானை, மொத்தம் ஏழு பானை. ஐயர், அதாவது எங்கள் போதகர், ஜெபம் செய்த பிறகு அடுப்பு மூட்டுவது. கரும்பு, மஞ்சள்குலை எல்லாம் உண்டு. சூரியனுக்குப் படைக்கிற பேச்சே இல்லை. எனக்குக் கேட்டதும் பிடித்திருந்தது.

கமிட்டி இரண்டாகப் பிரிந்துவிட்டது. மூத்தவர்கள் "புறஜாதியார் பண்டிகை" என்கிறார்கள். என் மாமனாருக்கு வயது 74, முப்பது வருடம் இந்தக் கோயிலில் மணி அடித்தவர். அவர் எழுந்து, "எங்க தாத்தா விட்டுட்டு வந்ததை நீங்க தூக்கிட்டு வாரீங்களா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். மூன்று நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் டிசம்பர் பிறந்ததும் வீட்டு வாசலில் முதல் நட்சத்திரம் கட்டுகிறவரும் அவர்தான். கிறிஸ்துமஸின் தேதியே ரோமர்களுடைய சூரியப் பண்டிகை என்று சொல்கிறார்களே, அது ஆகும், இது ஆகாதா?

ஞாயிற்றுக்கிழமை என் ஓட்டு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சாலேம் எழுதியது:

சகோதரி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான பதில் நீங்கள் எதிர்பார்க்கிற பக்கம் இல்லை. இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

நாங்கள் பெந்தெகொஸ்தே சபை. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புதுச்சட்டை போட்டபோது அழுதிருக்கிறேன். இன்று என் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்கிறேன், மனதறிந்து சொல்கிறேன். அந்த ஜாதிகள் தங்கள் தேவர்களைச் சேவித்த விதமாக நாமும் செய்வோம் என்று நினைக்காதே என்று வேதத்தில் உபாகமம் 12ஆம் அதிகாரம் இஸ்ரவேலரை எச்சரிக்கிறது. அப்போஸ்தலர் யாரும் இயேசுவின் பிறந்தநாளைக் கொண்டாடியதாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை.

இது நேற்று முளைத்த பிடிவாதமும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். 1681 வரை அது இருந்தது. உங்கள் மாமனாரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கதவை அவர் சரியாகத்தான் மூடியிருக்கிறார், இன்னொன்று திறந்து கிடக்கிறது.

பழைய_ஏடு எழுதியது:

பாளையங்கோட்டையில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். சாலேமின் உறுதியை மதிக்கிறேன். ஆனால் "கிறிஸ்துமஸ் என்றால் சூரியப் பண்டிகை" என்று நாம் சொல்லிப் பழகியது போல விஷயம் அவ்வளவு நேரானது இல்லை.

பேரரசர் ஔரேலியன் 274இல் ரோமில் சூரியனுக்குக் கோயில் எடுத்தார். டிசம்பர் 25 கிறிஸ்து பிறந்த நாள் என்று சொல்லும் பழைய ரோமப் பதிவு 354ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில் கிடைக்கிறது. அதே தொகுப்பின் வேறொரு பட்டியலில், அதே தேதிக்கு நேராக "வெல்லப்படாதவனின் பிறப்பு" என்றும் இருக்கிறது. அது சூரியனின் பட்டம். ஆக, இரண்டும் ஒரே ஏட்டில் வருகின்றன. யார் யாரைப் பார்த்துத் தேதி வைத்தார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒற்றுமை இல்லை. கிறிஸ்து மரித்த நாளை மார்ச் 25 என்று கணித்து, கருவான நாளும் அதுவே என்று வைத்து, ஒன்பது மாதம் கூட்டி இந்தத் தேதிக்கு வந்திருக்கலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பலரும் காரணமாகக் காட்டும் ரோமர்களின் சட்டர்னேலியா டிசம்பர் 17இல் தொடங்கி 23க்குள் முடிந்துவிடும் பண்டிகை.

ஈஸ்டரும் அப்படித்தான். ஒரு தேவதையின் பெயரிலிருந்து வந்த சொல் என்று 725இல் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி எழுதினார். சரி, அது ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் பொருந்தும். கிரேக்கத்திலும் லத்தீனிலும் அந்தப் பண்டிகைக்குப் பெயர் பாஸ்கா, யூதர்களின் பஸ்கா.

இனி உங்கள் கோயிலுக்கே வருகிறேன். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை அன்று பீடத்தைச் சுற்றி வாழைத்தாரும் பூசணியும் கருப்பட்டியும் அடுக்கி, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுகிறோமே, அதை யாராவது கேள்வி கேட்டதுண்டா? ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த) சபைகள் அதை இன்று நடத்தும் முறைக்கு 1843இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் மோர்வென்ஸ்டோ என்ற கிராமத்தில் ராபர்ட் ஹாக்கர் என்ற குருவானவர் புத்துயிர் கொடுத்தார். அதற்கு வெகு காலம் முன்பே அந்த நாட்டு உழவர்கள் கடைசிக் கதிர்க்கட்டை அலங்கரித்து, வீட்டுக்குத் தூக்கிவந்து விருந்து வைத்தவர்கள். அவர்கள் வயல் வழக்கம் கோயிலுக்குள் வரலாம் என்றால் நம் வயல் வழக்கமும் வரலாம். பிள்ளைகள் பக்கம்தான் என் ஓட்டு.

வைகைக்கரை எழுதியது:

வணக்கம் அக்கா. நாங்கள் சிவகங்கைப் பக்கம், கத்தோலிக்கர். எங்கள் ஊரில் ஃபாதர் பூசை முடித்து வந்து பானையை மந்திரிப்பார். பால் பொங்கும்போது குலவை போடுவோம். ஜனவரி 17 வனத்து அந்தோணியார் திருநாள், அன்று மாடுகளுக்கும் தீர்த்தம் தெளிப்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான், இதில் ஒரு உறுத்தலும் இருந்ததில்லை.

ஆனால் ஒரு காலத்தில் இதற்கெல்லாம் பெரிய சண்டை நடந்திருக்கிறது. ரோமிலிருந்து வந்த துர்னோன் என்ற தூதர் 1704இல் புதுச்சேரியில் ஒரு ஆணை போட்டார். கிறிஸ்தவப் பெண்கள் பிள்ளையார் உருவம் உள்ள தாலி அணியக் கூடாது, சிலுவை போன்ற அடையாளம் உள்ளதை அணியலாம் என்று அதில் இருந்தது. தாலி போகவில்லை பாருங்கள், அதில் இருந்த உருவம்தான் மாறியது. உங்கள் கழுத்தில் இருப்பதையும் ஒரு தடவை பாருங்கள்.

கருப்பட்டி எழுதியது:

எல்லாரும் ரோமைப் பற்றி எழுதுகிறீர்கள். அந்தப் பெரியவர் ரோமைச் சொல்லவில்லை, அவர் தாத்தாவைச் சொன்னார். அந்தத் தாத்தா எதை விட்டுவிட்டு வந்தார்? அக்கா, அதைக் கேட்டீர்களா?

தேரிக்காடு எழுதியது:

கருப்பட்டிக்கு நன்றி. நான் கேட்கவே இல்லை. பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன், கேட்கத் தோன்றவில்லை. நேற்று ராத்திரி சாப்பாடு பரிமாறும்போது கேட்டேன்.

மாட்டுப் பொங்கல் அன்று பண்ணையார் வீட்டு மாடுகளுக்கு முன்னால் பறை அடிப்பது மாமாவின் தாத்தாவுடைய வேலையாம். அடித்து முடித்ததும் கொல்லைப் பக்கம் போய் ஓலைப் பட்டையை ஏந்தி நிற்க வேண்டும். கை படாமல் மேலேயிருந்து பொங்கலைப் போடுவார்கள். ஞானஸ்நானம் எடுத்த வருடம் அவர் போகவில்லை. அந்த வருடம் அவருக்கு யாரும் களத்து வேலை கொடுக்கவில்லை. மாமா இதைச் சொல்லும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சூரியனைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பழைய_ஏடு ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன். அறுப்பின் பண்டிகை விஷயத்தை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அப்புறம் வெகு நேரம் கழித்து, "ஏழு பானை எதுக்கு?" என்று கேட்டார். தெருவுக்கு ஒன்று என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. எங்கள் ஊரில் தெருவைச் சொன்னால் போதும், ஆள் யார் என்று தெரிந்துவிடும். பிள்ளைகள் அதை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். கமிட்டியில் இருந்த எங்களுக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பக்கம்தான் பேசப்போகிறேன். ஆனால் ஒரே பானை, ஒரே பந்தி என்று மாற்றி எழுதச் சொல்வேன். அசனத்துக்கு (சபையின் பொது விருந்துக்கு) வைத்திருக்கும் பெரிய அண்டா போதும், ஈயம் பூச வேண்டியிருக்கும் என்று மாமாதான் சொன்னார்.