நஞ்சை மனையானதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தாம்பரத்திலிருந்து:

எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-ல் நடைமுறைக்கு வந்தது, 2026-ஓடு முடிகிறது. அடுத்த திட்டம் 2046 வரைக்குமானது. இதற்கிடையில் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர் எல்லையை 5,904 ஆக விரிக்க 2022-ல் அரசாணை வந்துவிட்டது. அரக்கோணம் வரை ஏரியும் கழனியுமாக இருக்கிற ஊர்கள் இனி பெருநகர்தான். வீடு கட்ட இடம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. எந்தக் கழனியை விடுவது, எதைக் காப்பது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் கவலை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் சித்தப்பாவுக்குப் படப்பை பக்கம் ஒன்றரை ஏக்கர் நஞ்சை. ஏரி மதகிலிருந்து வரும் வாய்க்காலுக்குக் கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேல்மடை நிலத்தை வாங்கியவர்கள் கிராவல் கொட்டி மேடாக்கி, கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டினார்கள். வாய்க்காலை மூடவில்லையே என்றார்கள். சரி, மூடவில்லைதான். மனைச் சாலைக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய் போட்டிருந்தார்கள். குனிந்து பார்த்தால், குழாயின் அடி வாய்க்கால் தரையைவிட ஒரு முழம் மேலே இருக்கிறது. தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறுவதற்குள் கரையை உடைத்துக்கொண்டு பக்கத்தில் போய்த் தேங்கிவிடும். சித்தப்பா கழனிக்கு ஈரம்கூட வந்து சேரவில்லை. சம்பா போனது, அடுத்த பட்டமான நவரையும் போடவில்லை. கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் தரிசு என்று ஏறியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. பக்கத்து நிலத்தை மனையாக்க உபயோக மாற்றம் கேட்டபோது, சுற்றிலும் பயிர் இல்லை, தரிசாகத்தான் கிடக்கிறது என்று காரணம் காட்டினார்கள். தண்ணீரை நிறுத்தியதால் தரிசான நிலம், தரிசு என்பதாலேயே மனையாகிறது. ஒவ்வொரு சர்வே எண்ணாகப் பிரித்துப் பார்க்கிறவரைக்கும் இது கண்ணில் படாது. ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அது பாயும் நிலம் முழுவதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

முடிச்சூரிலிருந்து:

மனை வாங்கியவர்கள் பக்கத்தையும் கேளுங்கள். என் சம்பளத்துக்கு நகரத்துக்குள் ஒரு கதவுகூட வாங்க முடியாது. வங்கிக் கடன் போட்டு அரை கிரவுண்டில் வீடு கட்டினோம். அனுமதி பெற்ற மனைதான். பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் வக்கீலிடம் காட்டித்தான் வாங்கினோம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் மின் மீட்டருக்கு மேலே ஏறியது. தண்ணீர் வடிந்த பிறகுதான் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர், இங்கே தாங்கல் (சின்ன ஏரி) இருந்தது, இப்படித்தான் தண்ணீர் போகும் என்று கையை நீட்டிக் காட்டினார். என்னிடம் இருந்த எந்தக் காகிதத்திலும் அந்த வழி இல்லை. விவசாயிக்குத் தண்ணீர் வராமல் போவதும் எங்கள் வீட்டுக்குள் வருவதும் வாய்க்கால் செத்த ஒரே காரணத்தால்தான். தயவுசெய்து எங்களை எதிர்த்தரப்பாக்காதீர்கள்.

திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து, வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்:

இரண்டு பேருமே சொல்வது சரி. ஏரி, ஓடை, பெரிய வாய்க்கால் இவற்றுக்குத் தனிச் சர்வே எண் உண்டு, புறம்போக்கு என்று கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் இருக்கும். கழனிக்குக் கழனி பாய்கிற கிளை வாய்க்கால் பெரும்பாலும் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும். அதற்கு எண் கிடையாது. நிலம் கைமாறியதும் அது யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடுகிறது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவை நிறுத்தியது. 2017-ல் அந்த மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தபோது நீர்நிலை, வாய்க்கால் மேலுள்ள மனைக்கு வரன்முறை கிடையாது என்று வைத்தார்கள். நல்ல விதி. ஆனால் எண் இல்லாத வாய்க்காலுக்கு அது எப்படிக் காவல் நிற்கும்?

திட்டப் பகுதிக்கு வெளியே, அதாவது முழுமைத் திட்டம் போன்றவை வராத ஊர்களில், விவசாய நிலத்தை மாற்ற, நகர் ஊரமைப்புச் சட்டம் 47-ஏ பிரிவின்படி ஆட்சியரின் கருத்து தேவை. அவர் வேளாண் இணை இயக்குநரிடம் கேட்பார். அந்தக் கட்டத்திலேயே ஆயக்கட்டுக்காரர்கள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

ஒன்றை மறக்காதீர்கள். பெண் கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் நிலத்தை விற்பவரைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. அவர் விற்கட்டும், வாங்குபவர் கட்டட்டும். வாய்க்கால் மட்டும் பழைய அகலத்தில், பழைய மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை அனுமதிக்கான நிபந்தனையாக்கினால் பாதிச் சண்டை தீரும்.

தாம்பரத்திலிருந்து:

நன்றி ஐயா. நீங்கள் சொன்னதுபோல எழுத்தில் கொடுக்கிறோம். சித்தப்பாவும் கடைமடைக்காரர்களும் உட்கார்ந்து, இ-சேவைத் தளத்தில் எடுத்த புலப்படத்தின் (நில அளவை வரைபடம்) மேல் எந்தக் கழனியிலிருந்து எந்தக் கழனிக்குத் தண்ணீர் பாய்ந்தது என்று நீல மையால் கோடு போட்டிருக்கிறார்கள். கழனிகளுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்ப்பாய்ச்சி வேலை பார்த்தவர் ஒருவர் இன்னும் ஊரில் இருப்பதால் மடை மடையாகச் சொல்ல முடிந்தது. அக்டோபர் 2 கிராம சபையில் அதைத் தீர்மானமாக வைக்கிறோம். முடிச்சூர் நண்பரே, உங்கள் தெருப் பெரியவர் காட்டிய வழியையும் அவர் இருக்கும்போதே வரைந்து வாங்கிவிடுங்கள். வேறு ஊர்க்காரர்களும் உங்கள் வாய்க்கால் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள்.