தோட்டா வாங்கப் போனால் ஆதாரைப் படம் எடுக்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டுமா?

மிளகுக்கொடி (ஏற்காடு):

எங்களுக்கு நாகலூர்ப் பக்கம் சிறிய காப்பித் தோட்டம். வீடு தோட்டத்தின் நடுவில் இருக்கிறது. இரவில் அடுத்த வீட்டு விளக்குகூடக் கண்ணுக்குத் தெரியாது. அப்பா வைத்திருந்த 12 போர் ஒற்றைக்குழல் துப்பாக்கியை, அவர் காலமான பிறகு ஸ்டேஷனில் ஒப்படைத்து, முறைப்படி விண்ணப்பித்து என் பெயரில் உரிமம் வாங்கி, திரும்ப எடுத்து வந்தேன். இதற்கு ஒன்றரை ஆண்டு ஆனது, அது வேறு கதை.

போன செவ்வாய்க்கிழமை, முதன்முறையாகத் தோட்டா வாங்கலாம் என்று இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போனேன். கடையில் உரிமப் புத்தகத்தை நீட்டினேன். ஆதாரும் வேண்டும் என்றார்கள். பர்ஸில் இருந்த அட்டையைக் கொடுத்தேன். கடைப் பையன் அதை முன்னும் பின்னும் தன் கைப்பேசியில் படம் எடுத்தான். பிறகு உரிமப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக எடுத்தான். எங்கே அனுப்புகிறாய் என்றேன். "முதலாளி வாட்ஸ்அப்புக்கு" என்றான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது போலிருக்கிறது. "புத்தகத்தில் ஏதோ சரியில்லையாம், முதலாளி ஊரில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்றான்.

ஆக, என் படங்கள் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன; என்னிடம் ஒரு தோட்டாகூட இல்லை. தோட்டா வாங்க ஆதார் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? இப்படிப் படம் எடுத்து அனுப்பலாமா? புத்தகத்தில் என்ன சரியில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோரிமேட்டான்:

சிம் கார்டு வாங்க ஆதார் கொடுக்கிறோம், லாட்ஜில் அறை எடுக்கக் கொடுக்கிறோம். துப்பாக்கிக்குத் தோட்டா வாங்கக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இதில்தான் கடைக்காரர் கூடுதலாக விசாரிக்க வேண்டும்.

மிளகுக்கொடி:

அண்ணா, விசாரிக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சிம் கார்டு நகலைப் பார்த்து ஒருவன் என் வீட்டு அலமாரியில் துப்பாக்கி இருப்பதைத் தெரிந்துகொள்ள முடியாது. உரிமப் புத்தகத்தில் முகவரி, துப்பாக்கியின் விவரம் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. காப்பிப் பறிப்புக் காலம் முடிந்து ஆட்கள் இறங்கிப் போனால் வீட்டில் நானும் அம்மாவும்தான்.

பழைய ரெக்கார்டு (அஸ்தம்பட்டி):

தம்பி, நான் வருவாய்த் துறையில் ஆயுத உரிமக் கோப்புகளைப் பல ஆண்டு பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு விஷயங்களைக் கலக்காமல் பார்க்க வேண்டும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளிலும் தோட்டா விற்பனைக்கு அடிப்படை உங்கள் உரிமம்தான். கடைக்காரர் அசலைப் பார்க்க வேண்டும், விற்ற எண்ணிக்கையை உங்கள் புத்தகத்தில் எழுத வேண்டும், தன் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். அந்தப் பதிவேட்டை அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பார்ப்பார்கள். இதில் உங்களுக்குத் தனியுரிமை என்று எதுவும் கிடையாது, இருக்கவும் கூடாது என்பது என் கருத்து. கணக்கில் வராமல் வெளியே போகும் தோட்டா கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பதைக் கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

ஆதார் நகல் வேறு விஷயம். புத்தகத்தில் உங்கள் புகைப்படம் ஒட்டியிருக்கிறது. ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தில் ஏறிய தனித்த அடையாள எண்ணும் இருக்கும். அந்த எண் இல்லாத உரிமங்கள் 2020 ஜூன் 29 முதல் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். ஆள் நீங்கள்தான் என்று காட்ட இவை போதும். புகைப்படம் பழையதாக இருந்து சந்தேகம் வந்தால் வேறொரு அடையாள அட்டையைக் காட்டச் சொல்வது நியாயம்தான். ஆனால் காட்டுவது வேறு, நகலை விட்டு வருவது வேறு. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே அடித்துவிட்டது. நீங்களாக விரும்பிக் கொடுத்தால்தான் உண்டு. அப்படிக் கொடுப்பதாக இருந்தாலும் முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரை இணையத்தில் இறக்கி, எதற்காக, எந்தத் தேதியில் என்று நகலின் மேலேயே குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

இனி உங்கள் புத்தகம். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓர் ஆண்டில் எத்தனை வாங்கலாம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது?

கோரிமேட்டான்:

காட்டுப்பன்றிக்குத்தானே தோட்டா? உண்மையைச் சொல்லுங்கள்.

மிளகுக்கொடி:

இல்லை அண்ணா. பன்றி இந்த ஆண்டு கிழங்கு முழுவதையும் தோண்டிவிட்டது, காட்டெருமை வேலியைச் சாய்த்துவிட்டது. இரண்டுக்கும் வனத்துறைக்கு மனுதான் எழுதினேன். உரிமம் தற்காப்புக்கு வாங்கியது. பன்றியைச் சுட்டால் வன உயிரினச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான்.

ஐயா, புத்தகத்தைப் பார்த்துவிட்டேன். அடையாள எண் இருக்கிறது. நீங்கள் சொன்ன கட்டங்கள் இரண்டும் காலி! துப்பாக்கியின் எண், குழல் எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள், இதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

பழைய ரெக்கார்டு:

அதேதான். எண்ணிக்கை இல்லாத புத்தகத்துக்கு எந்தக் கடைக்காரரும் விற்க மாட்டார், விற்றால் அவர் உரிமம் போய்விடும். அந்தப் பையன் இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். உரிமம் கொடுத்த அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். எண்ணிக்கையை எழுதி, சுருக்கொப்பமும் முத்திரையும் வைத்துத் தருவார்கள். முத்திரை இல்லாமல் வெளியே வராதீர்கள். நீங்களாகப் பேனாவை எடுத்து நிரப்பிவிடவும் வேண்டாம். சிரிக்காதீர்கள், அப்படிச் செய்தவர்கள் உண்டு.

அக்கரைச் சேலத்தான்:

நான் செவ்வாய்ப்பேட்டைக்காரன், இப்போது கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே துப்பாக்கி வாங்குவது சுலபம் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த மாநிலத்தில் 2019 ஜூலை முதல் தோட்டா வாங்குவதற்கும் ஒவ்வொரு முறையும் பின்னணிச் சோதனை வந்தது. சாதாரண ஓட்டுநர் உரிமத்தில் 'மத்திய அரசுத் தேவைக்குச் செல்லாது' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், பாஸ்போர்ட்டோ பிறப்புச் சான்றிதழோ கூடவே காட்ட வேண்டும். இதை எதிர்த்து வழக்கு மேல் வழக்கு நடந்தது. ஆனால் இங்கே பலரைக் கலங்கடித்தது வேறு: 2022 ஜூனில் மாநில நீதித் துறையின் இணையதளத்திலிருந்தே, துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி பெற்றவர்களின் பெயரும் முகவரியும் வெளியே கசிந்துவிட்டன. ஏறத்தாழ 1,92,000 பேர். அரசுத் துறையிலேயே இப்படி என்றால், கடைப் பையன் கைப்பேசியைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதில் தவறே இல்லை.

கோரிமேட்டான்:

இவ்வளவு ரகசியம் எதற்கு? தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் இருந்து போன் வருகிறது, துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு எல்லோரும் பார்க்கத்தானே போய் ஒப்படைக்கிறீர்கள்?

மிளகுக்கொடி:

அதுவும் உண்மைதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மீன் தூண்டிலா என்று கேட்டார்.

பழைய ரெக்கார்டு:

ஊர்க்காரர் பார்ப்பதும் முன்பின் தெரியாதவன் கைப்பேசியில் முகவரியோடு கிடப்பதும் ஒன்றா? 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. அதுவரை காத்திருக்காமல், முதலாளியை நேரில் பார்த்துப் படங்களை அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். சண்டை போடாதீர்கள். அடுத்த முறையும் அவரிடம்தானே போக வேண்டும்.

மிளகுக்கொடி (பன்னிரண்டு நாள் கழித்து):

கட்டங்களை நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள், முத்திரையோடு. இன்று கடைக்குப் போனேன். முதலாளி இருந்தார். அசல் புத்தகத்தைப் பார்த்தார், பதிவேட்டில் எழுதினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்துத் தோட்டா கொடுத்தார். நான் எண் மறைத்த ஆதாரை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார், நகல் கேட்கவில்லை. பையன்தான் அன்று பயந்துபோய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான் என்றார்.

படங்களை அழிக்கச் சொன்னேன். முகம் சுளிக்கவில்லை. பையன் தன் கைப்பேசியில் என் எதிரிலேயே அழித்தான். முதலாளி தன்னுடையதில் என் படங்களைத் தேடி விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒன்றன் பின் ஒன்றாக ஆதார் அட்டைகள், உரிமப் பக்கங்கள். அவற்றில் ஒன்று எங்கள் தோட்டத்துக்கு மேல் தோட்டக்காரருடையது. அவர் வீட்டில் இரட்டைக்குழல் இருக்கிறது என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது.