சுஸுகி வினையில் பல்லேடியம்-கரி மூன்றாவது சுற்றிலேயே படுத்துவிடுகிறது, எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். முதுகலை ஆய்வுத் திட்டத்துக்காக, திரும்பப் பயன்படுத்தக்கூடிய வினையூக்கியோடு சுஸுகி இணைப்பு (ஆரைல் ஹாலைடையும் போரானிக் அமிலத்தையும் பல்லேடியத்தின் உதவியோடு இணைக்கும் வினை) செய்துகொண்டிருக்கிறேன். நச்சுக் கரைப்பான்களையும் பல்லேடியத்தோடு சேர்க்கும் விலை கூடிய பாஸ்பீன்களையும் தவிர்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

என் முறை இது: 4-புரோமோஅசிட்டோபீனோன் 1 மில்லிமோல், பீனைல்போரானிக் அமிலம் 1.2 மில்லிமோல், பொட்டாசியம் கார்பனேட் 2 மில்லிமோல், 10% பல்லேடியம்-கரி (கரித்தூள் மேல் பல்லேடியம் படிந்த வினையூக்கி) 10.6 மி.கி, அதாவது 1 மோல் சதவீதம். தண்ணீரும் எத்தனாலும் சம அளவில் மொத்தம் 4 மி.லி, 80 டிகிரியில் இரவு முழுக்க 12 மணி நேரம். காலையில் சூடாக இருக்கும்போதே வடிதாளில் வடிகட்டி, கரியை எத்தனாலிலும் எத்தில் அசிட்டேட்டிலும் கழுவி, 100 டிகிரி அடுப்பில் உலர்த்தி, அடுத்த சுற்றுக்கு எடுக்கிறேன்.

விளைச்சல்: முதல் சுற்று 94%, இரண்டாவது 91%, மூன்றாவது 62%, நான்காவது 28%. ஒவ்வொரு முறையும் எடை போட்டேன். 11, 12 மி.கி என்று கரி முழுதாகத் திரும்பி வருகிறது, அதனால் இழப்பு இல்லை. பிறகு ஏன் இப்படி இறங்குகிறது? ஜிசியில் (வாயு குரோமடோகிராஃபி, கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்துக் காட்டும் கருவி) கொஞ்சம் பைபீனைலும் மிகச் சிறிய அளவில் அசிட்டோபீனோனும் தெரிகின்றன. அடுத்த மாதம் இதைத் துறையில் சமர்ப்பிக்க வேண்டும். கை கொடுங்கள்.

பதில் 1

வேறு எதற்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பல்லேடியம்-கரியை எத்தனாலில் கழுவி அடுப்பில் உலர்த்துவதை இன்றே நிறுத்துங்கள். காய்ந்த கரி மேல் எத்தனால் ஆவி இருந்து காற்றும் பட்டால் அது தானாகவே தீப்பிடிக்கும். ஹைட்ரஜனேற்றம் முடிந்த கரிதான் மிக மோசம் என்றாலும், எத்தனாலே பல்லேடியத்துக்கு ஹைட்ரைடு கொடுக்கக்கூடியது. நீங்கள் பார்க்கும் அந்த அசிட்டோபீனோன் அதற்குச் சாட்சி: புரோமின் போன இடத்தில் ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்திருக்கிறது. கரியை எப்போதும் தண்ணீரில் நனைந்தபடியே வையுங்கள், வடிதாளில் முழுக்க உறிஞ்சிக் காயவிட வேண்டாம். வடிதாளையும் குப்பையில் போடாமல் தண்ணீரில் நனைத்து மூடிய பாத்திரத்தில் சேருங்கள்.

பைபீனைல் வருவது ஆக்சிஜனால். இரண்டு போரானிக் அமிலங்கள் தங்களுக்குள்ளேயே இணைந்துகொள்கின்றன. கரைப்பானில் 15 நிமிடம் ஆர்கான் செலுத்திவிட்டு ஆரம்பித்தால் பெருமளவு குறையும்.

பதில் 2

எடை குறையவில்லை என்பதை நான் நம்பமாட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வினை முடியும்போது உங்கள் குடுவையில் சுமார் 119 மி.கி பொட்டாசியம் புரோமைடு உண்டாகியிருக்கும். அதோடு போரேட்டும் மிச்சக் கார்பனேட்டும். வினையூக்கியோ 10.6 மி.கி மட்டுமே. நீங்கள் கழுவுவது எத்தனாலிலும் எத்தில் அசிட்டேட்டிலும். அந்த உப்புகள் இரண்டிலும் சரியாகக் கரையாது. வடிதாளில் 4 மி.கி கரி ஒட்டிப் போய், அந்த இடத்தில் 5 மி.கி உப்பு வந்து சேர்ந்தால் தராசு உங்களுக்கு 11 மி.கி என்றுதான் காட்டும். கரியின் நுண்துளைகளையும் அதே உப்பு அடைத்துக்கொள்ளும்.

60 டிகிரி தண்ணீரில் மூன்று முறை கழுவிப் பாருங்கள். 10 மி.கி அளவில் மறுபயன்பாட்டுச் சோதனை செய்வதே கடினம், முடிந்தால் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். இன்னும் நல்ல வழி, வடிகட்டாமல் மையவிலக்கியில் சுற்றி மேல்திரவத்தை மட்டும் எடுத்துவிட்டு, கரியை அதே குழாயிலேயே விட்டுவிடுவது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அடுப்பு விஷயம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஆய்வகத்தில் எல்லோருமே அப்படித்தான் செய்கிறோம். இன்றே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் சுற்றில் மீண்ட கரி கொஞ்சம் எடுத்து வைத்திருந்தேன். வெந்நீரில் கழுவி, தண்ணீர் மட்டும் இருக்கும் நிலையில் வெற்றிடத்தில் கவனமாக உலர்த்தி எடை பார்த்தேன். ஏறக்குறைய 40% எடை போய்விட்டது. அவ்வளவும் உப்பு!

ஆனால் இரண்டாவது சுற்றில் 91% வந்ததே? அப்போதும் கரி குறைந்திருக்க வேண்டுமே?

பதில் 3

முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். இதில் நானும் ஒரு வருடம் தடுமாறியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

12 மணி நேரம் கழித்து விளைச்சலைப் பார்ப்பது, ஓட்டப் பந்தயம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு மைதானத்துக்கு வந்து யார் வேகமாக ஓடினார்கள் என்று கேட்பதைப் போன்றது. உங்கள் வினை முதல் சுற்றில் அரை மணியிலேயே முடிந்திருக்கலாம். எலக்ட்ரான் குறைந்த புரோமைடு என்பதால் அப்படித்தான் நடந்திருக்கும். இரண்டாவது சுற்றில் வினையூக்கி பாதி செத்திருந்தாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும், பாக்கி 11 மணி நேரம் சும்மா சூடேறியிருக்கும். ஆகவே 91% என்ற எண் வினையூக்கியின் நலத்தைச் சொல்லவே இல்லை. 5, 10, 20 நிமிடங்களில் சிறிது திரவம் எடுத்து ஜிசியில் மாற்ற அளவை, அதாவது புரோமைடில் எத்தனை சதவீதம் வினைப்பட்டது என்பதைப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று அந்தத் தொடக்க வேகத்தை ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். மறுபயன்பாடு பற்றி வரும் ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் இந்தத் தரவு இல்லாதது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

அடுத்தது, கரி மேலேயே வினை நடக்கிறதா என்ற கேள்வி. இந்த வகை வினைகளில் பல்லேடியம் கரியை விட்டு இறங்கிக் கரைசலுக்கு வந்து வேலை செய்வது பலமுறை காட்டப்பட்ட ஒன்று. ஆரைல் ஹாலைடு (இங்கே உங்கள் புரோமைடு) அதைக் கழற்றி எடுக்கிறது. ஹாலைடு தீர்ந்ததும் பெரும்பகுதி மீண்டும் கரியில் படிகிறது. பல்லேடியத்தால் நடக்கும் இன்னொரு இணைப்பான ஹெக் வினையில் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாக அளக்கப்பட்டிருக்கிறது. ஆனால் திரும்பிப் படியும்போது முன்போல நுண்ணிய துகளாகப் படியாது, பெரிய துகள்களாகத் திரளும். மேற்பரப்பு குறையும், வேகம் குறையும். ஹாலைடு தீரும் முன்னரே நீங்கள் சூடாக வடிகட்டினால் கரைந்திருக்கும் பல்லேடியம் வடிதிரவத்தோடு போயே போய்விடும். உங்கள் மூன்றாவது, நான்காவது சுற்றுகளில் வினை முடியாத நிலையில்தான் வடிகட்டியிருக்கிறீர்கள். அதனால்தான் சரிவு இவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதை உறுதி செய்யச் சூடான வடிகட்டல் சோதனை செய்யுங்கள்: கரியைப் பிரித்த பிறகும் வினை தொடர்ந்தால் பல்லேடியம் கரைசலில் இருக்கிறது என்று பொருள். மாற்றம் 30, 40% இருக்கும்போது, 0.2 மைக்ரான் டெஃப்ளான் வடிகட்டி வழியாக, முன்பே 80 டிகிரிக்குச் சூடாக்கிய வேறொரு குடுவைக்குள் திரவத்தைத் தள்ளுங்கள். அந்தக் குடுவையில் புதிய கார்பனேட் போட்டு வையுங்கள், இல்லையென்றால் காரம் இல்லாமல் வினை நின்றதை வினையூக்கி இல்லாமல் நின்றதாக எண்ணிவிடுவோம். ஆறவிட்டு வடிகட்டினால் பல்லேடியம் கரியிலேயே படிந்துவிடும், சோதனை பொய்யாக நல்ல பதிலைக் கொடுக்கும். சில நானோதுகள்கள் 0.2 மைக்ரானையும் தாண்டிப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பதில் 4

கலக்கும் காந்தம் புதியதா? பல்லேடியம் அதன் டெஃப்ளான் மேல் படிந்திருக்கும், ராஜ திராவகத்தில் ஊறவைத்தாலும் முழுக்கப் போவதில்லை. வினையூக்கியே போடாமல் ஒரு முறை பழைய காந்தத்தோடும் ஒரு முறை புதியதோடும் ஓட்டிப் பாருங்கள்.

சிறிய விஷயம் என்று தள்ள வேண்டாம். வேதியியலாளர் லெட்பீட்டரின் குழு உலோகமே இல்லாத சுஸுகி என்று 2003ல் அறிவித்ததை, 2005ல் அவர்களே மறு ஆய்வு செய்தார்கள். கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் இருந்த 50 பிபிபி (நூறு கோடியில் 50 பங்கு) அளவு பல்லேடியம்தான் வேலை செய்தது என்று கண்டு, அதை வெளிப்படையாக எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த செயல் அது. 2021லும் அமீன் மட்டுமே வினையூக்கி என்று வந்த ஒரு கட்டுரை, அந்த அமீனில் பல்லேடியம் ஒட்டியிருந்தது தெரியவந்து, அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது.

பதில் 5

கரியை விட்டுவிட்டு, சோப்பு போன்ற மூலக்கூறுகள் தண்ணீரில் உருவாக்கும் நுண்திரள்களுக்குள் வினையை நடத்தும் மைசெல் முறைக்கு மாறினால் என்ன? சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லிப்ஷுட்ஸ் குழு உருவாக்கிய டிபிஜிஎஸ்-750-எம் என்ற பரப்பு இயங்குபொருள், வைட்டமின் ஈ-யிலிருந்து செய்வது. தண்ணீரில் 2% போட்டால் போதும், பல சுஸுகி வினைகள் அறை வெப்பநிலையிலேயே நடக்கும். விளைபொருளைப் பிரித்த பிறகு அந்தத் தண்ணீரையே மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பதில் 3

நல்ல முறைதான், ஆனால் ஒரு மாதத்தில் புதிதாகத் தொடங்குவதை விட, கையில் இருப்பதை முழுதாகப் புரிந்துகொள்வதே இவருக்கு நல்லது என்பேன். அப்புறம், கேட்டவரிடம் ஒன்று: விளைபொருளை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

கேட்டவர்

30 மி.லி எத்தில் அசிட்டேட்டில் மூன்று முறை பிரித்தெடுத்து, பிறகு சிலிகா நிரல்.

பதில் 3

அதுதான் பயந்தேன். 90 மி.லி எத்தில் அசிட்டேட் என்றால் சுமார் 81 கிராம். உங்கள் விளைபொருள் 0.18 கிராம். அந்தக் கரைப்பான் ஒன்றுக்கே ஈ-காரணி (ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்ற எண்) 450 வந்துவிடுகிறது, நிரலுக்கு ஊற்றியதைச் சேர்க்காமலே. வேதியியலாளர் ஷெல்டன் 1992ல் ஈ-காரணியைக் கொண்டு வந்தபோது கழிவு அதிகம் என்று காட்டிய மருந்துத் துறைக்குக் கொடுத்த அளவே 25 முதல் 100க்கு மேல் என்பதுதான். ஆய்வக அளவில் எண் பெரிதாக வருவது இயல்பு. ஆனால் வினையில் தண்ணீர் ஊற்றி மிச்சப்படுத்தியதைப் பிரித்தெடுப்பதில் பல மடங்காகச் செலவழிக்கிறீர்கள்.

4-அசிட்டைல்பைபீனைல் 120 டிகிரி அளவில் உருகும் நல்ல திண்மம், தண்ணீரில் கரையாது. ஹாலைடு தீர்ந்ததை ஜிசியில் உறுதி செய்து, ஆர்கானில் இன்னும் அரை மணி வைத்து, தேவையானால் சூடான எத்தனால் கொஞ்சம் சேர்த்துக் கரியை வடித்துவிடுங்கள். வடிதிரவத்தில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால் படிகம் விழும். அதை எத்தனால்-தண்ணீரில் ஒரு முறை மறுபடிகமாக்கினால் நிரலே தேவைப்படாது.

கேட்டவர்

பத்து நாட்கள் ஆகிவிட்டன, மன்னிக்கவும். செய்ததை எல்லாம் எழுதுகிறேன்.

வினையூக்கி இல்லாமல் புதிய காந்தம்: எதுவும் இல்லை. பழைய காந்தம்: 6% மாற்றம். எல்லாக் காந்தங்களையும் மாற்றிவிட்டேன்.

புதிய கரியோடு முதல் சுற்று 40 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நான் 12 மணி நேரம் ஓட்டிக்கொண்டிருந்தேன்! சூடான வடிகட்டலில் 38% மாற்றத்தில் கரியைப் பிரித்தேன். வடிதிரவம் தானாகவே ஒரு மணியில் 71% வரை போனது. பல்லேடியம் கரைசலில் இருக்கிறது என்பதில் இனிச் சந்தேகம் இல்லை.

பத்து மடங்கு அளவில், ஆர்கானோடு, வெந்நீர்க் கழுவலோடு, ஹாலைடு தீர்ந்த பிறகே வடித்து நான்கு சுற்று ஓட்டினேன். ஒரு மணி நேர விளைச்சல் 93, 92, 90, 86%. ஆனால் 10 நிமிட மாற்றம் 64, 51, 43, 33% என்று இறங்கிக்கொண்டே வருகிறது. அசிட்டோபீனோன் இன்னும் இருக்கிறது, பைபீனைல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பிரித்தெடுப்பில் எத்தில் அசிட்டேட் ஒரு சொட்டு கூட இல்லை.

தலைப்பில் 'திரும்பப் பயன்படுத்தக்கூடிய பன்முக வினையூக்கி' (கரைசலில் கரையாமல் திண்மமாகவே வேலை செய்வது) என்று எழுதியிருந்தேன். இனி அப்படி எழுத மனம் வரவில்லை. என்ன எழுதலாம்?

பதில் 3

அந்த 64, 51, 43, 33 வரிசைதான் உங்கள் ஆய்வின் மிக மதிப்புள்ள பகுதி, அதை முதல் படமாகப் போடுங்கள். 'கரி, கரையும் பல்லேடியத்தின் சேமிப்பிடமாகச் செயல்படுகிறது' என்று எழுதுங்கள், உங்கள் தரவு அதைத் தாங்கும். படிகத்தில் மிஞ்சிய பல்லேடியத்தை மட்டும் ஐசிபி-எம்எஸ்ஸில் (மிகச் சிறிய அளவு உலோகத்தையும் அளக்கும் கருவி) அளந்துவிடுங்கள். போட்டதில் 1% விளைபொருளோடு போனாலே சுமார் 59 பிபிஎம் (பத்து லட்சத்தில் 59 பங்கு) ஆகிறது. வாய்வழி மருந்துகளுக்கு, மருந்துத் தர நெறிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐசிஎச் வகுத்த வரம்பு ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம் பல்லேடியம், ஆக அந்த எண்ணைத் தேர்வில் கண்டிப்பாகக் கேட்பார்கள். வரம்பை மீறினால் பல்லேடியத்தைப் பிடித்துக்கொள்ளும் தயால் (கந்தகத் தொகுதி) கட்டிய சிலிகாவோடு அரை மணி கலக்கி வடித்துப் பாருங்கள்.

கேட்டவர்

செவ்வாய்க்கிழமை ஐசிபி-எம்எஸ்ஸுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. நான்கு சுற்றின் படிகங்களையும் வடிதிரவங்களையும் தனித்தனியாகக் கொடுக்கப் போகிறேன். எண்கள் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.