ஃபோர்-எச்சில் முட்டையும் ஆடும்

ரேலி பக்கத்திலிருந்து ஜான்ஸ்டன் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) வீடு மாறி நான்கு வருடம் ஆகிறது. வட கரோலினாவில் புகையிலையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் விளைகிற பூமி. 2010இல் சுமார் 1,69,000 பேர் இருந்த கவுண்டியில் 2020 கணக்கெடுப்பில் 2,16,000 பேர். கிழங்குக் கொல்லைகளுக்கு நடுவே புதுப்புது வீடுகள், அதில் ஒன்று எங்களுடையது.

மகளை ஃபோர்-எச் (4-H) என்ற பிள்ளைகள் மன்றத்தில் சேர்த்தோம். மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு நடத்துவது. 1902இல் ஒஹையோவில் பண்ணைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வழி, இன்று ரோபோ வரைக்கும் வந்துவிட்டது. ஐடி ஆள்தானே, ரோபோ சொல்லிக்கொடுக்கலாம் என்று தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். பின்னணி விசாரணை, பயிற்சி எல்லாம் முடிந்து எனக்குக் கிடைத்தது முட்டை.

அதற்கு முன் முதல் கூட்டம். தலைவி 13 வயதுப் பெண். நடுவில் புகுந்து நான் ஒரு யோசனை சொன்னேன். "சார், கை தூக்குங்க, நான் கூப்பிடுகிறேன்" என்றாள். மற்ற பெரியவர்கள் எல்லாம் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் ஒரு மூத்தவர் விளக்கினார்: "இங்கே நம் வேலை நாற்காலி போடுவதும் வண்டி ஓட்டுவதும்தான்."

சரி, முட்டைக்கு வருகிறேன். பள்ளி வகுப்பறையில் அடைகாக்கும் பெட்டி, 21 நாள். தினமும் பலமுறை திருப்பிவிட வேண்டும், 18ஆம் நாளோடு நிறுத்திவிட வேண்டும். ஒருநாள் ஈரப்பதத்துக்கு வைக்கும் தண்ணீரை ஊற்ற மறந்து, ஒரு எட்டு வயதுப் பொடியனிடம் திட்டு வாங்கினேன். ஆனால் ஏழாம் நாள், இருட்டறையில் விளக்கு வைத்துப் பார்த்தபோது, கரு பிடிக்காத முட்டையை நான்தான் முதலில் சொன்னேன். பாட்டி அடை வைக்கும்போது கூடவே உட்கார்ந்து பார்த்த பழக்கம். "இதற்கு எங்கள் ஊரில் கூமுட்டை என்று பெயர்" என்றேன். பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. பதிவேட்டில் ஏழாம் நாளுக்கு நேரே இப்போதும் அப்படித்தான் இருக்கிறது: கூமுட்டை, இரண்டு.

பதில்:

அண்ணா, உங்களுக்கு முட்டை, எங்களுக்கு ஆடு. நாங்கள் டெக்சஸ். மகன் தீவனச் செலவு, எடை எல்லாம் எழுதிவைத்து, கவுண்டி கண்காட்சி வரை ஒரு கிடாவை வளர்த்தான். ஏலத்தில் நல்ல விலைதான். பணம் அவன் கல்லூரிக் கணக்குக்குப் போனது, கிடா கறிக்குப் போனது. தெரிந்துதான் வளர்த்தான், ஆனாலும் இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கு மனசே கேட்கவில்லை, இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தேவையா என்று அம்மாவிடம் போனில் புலம்பினேன். "குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு நீ ஒரு வாரம் சோறு திங்கலையே, மறந்துபோச்சா?" என்றார்.

அடுத்த வருடமும் ஆடுதான் வேண்டுமாம். பெயர் மட்டும் வைக்க மாட்டானாம்.