பரணில் கிடக்கும் வீடியோ கேசட்டுகள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

திருச்சியிலிருந்து:

பழைய வீடியோ கேசட் கையில் கிடைத்தால் ஆர்வத்தில் உடனே டெக்கில் போட்டுவிடாதீர்கள். மேலே இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் அது டெக்கின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பகுதி) ஒட்டிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும்.

அப்பா சேர்த்த கேசட்டுகளை இந்த வருடம் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி வருகிறேன். சென்னைத் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவை நாடகம், கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. முக்கியமான கேசட் என்றால் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை அப்பா உடைத்துவிடுவார். அது உடைந்திருந்தால் டெக் அதன்மேல் வேறு எதையும் பதியாது. பல வீடுகளில் அந்தப் பள்ளத்தின் மேல் செல்லோடேப் ஒட்டி, நாடகத்தின் மேலேயே கிரிக்கெட்டைப் பதிந்துவிட்டார்கள்.

இவற்றில் ஒரு மேடை நாடகம்தான் என்னை இதை எழுத வைத்தது. சபாவில் நடந்ததை அப்படியே எடுத்திருக்கிறார்கள். சிரிப்பு அடங்கும்வரை நடிகர் அடுத்த வசனத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். ஓரிடத்தில் சிரிப்பு ஓயவே இல்லை. எதிரே நிற்பவருக்கும் தாங்கவில்லை, தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நிற்கிறார். பிற்பாடு அதே நாடகம் விசிடியாக வந்தபோது செட் போட்டுப் புதிதாக எடுத்திருந்தார்கள். வசனம் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அந்த இடத்தில் சிரிக்க ஆள் இல்லை, நடிகரும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

தொலைக்காட்சி நிலையத்தில் மூலப் பதிவு பத்திரமாக இருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. பிபிசியே 1970கள் வரை பழைய நிகழ்ச்சி நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. அங்கே தொலைந்துபோன சில நிகழ்ச்சிகளின் ஒலியாவது பிழைத்ததற்கு, ரசிகர்கள் வீட்டில் பதிந்து வைத்திருந்ததுதான் காரணம். உங்கள் பரணில் கிடப்பதுதான் கடைசிப் பிரதியாக இருக்கலாம். உங்களிடம் என்ன இருக்கிறது, ஓட்டிப் பார்த்தீர்களா, சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து:

சார், நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். பழைய படப் பாட்டை வீடியோ கேசட்டில் ஓட்டி, கூடவே வாசித்துப் பார்ப்பேன். எந்தக் கட்டையிலும் சேராது. இசைத்தட்டில் கேட்டதைவிடச் சுருதி ஏறியிருக்கும், அதுவும் முழுதாக அரைக் கட்டை (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி) ஏறியிருக்காது. டெக்கில் கோளாறு என்று பலர் நினைப்பார்கள். கோளாறு இல்லை. சினிமாப் படச்சுருள் நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடுகிறது, நம் ஊர்த் தொலைக்காட்சி பின்பற்றிய பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறைக்கு 25 வேண்டும். அதனால் படத்தையே சற்று வேகமாக ஓட்டிப் பதிந்துவிடுவார்கள். 4 சதவீதம் வேகம் கூடும், சுருதியும் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும்.

மூன்று மணி நேரப் படம் கேசட்டில் 173 நிமிடத்தில் முடிவதும் இதனால்தான். "ஏழு நிமிஷத்தை வெட்டிட்டாங்க" என்று வீடியோ கடைக்காரரோடு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். கணினியில் ஏற்றியபின் சினிமாப் படத்தின் வேகத்தை 24க்கு இறக்கினால் குரல் சரியாக வந்து உட்காரும். அப்படிச் சரிசெய்து ஒரு பாட்டை முதல் தடவை கேட்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தப் பாடகரின் குரலில் இருந்த கனம் அத்தனை வருடம் வீட்டில் யாருக்கும் கேட்காமலே இருந்திருக்கிறது. கச்சேரிப் பதிவில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அது வீடியோ கேமராவில் எடுத்தது, வேகம் சரியாகவே இருக்கும்.

யாழ்ப்பாணம், இப்போது டொரொண்டோ:

திருச்சி அண்ணா, எங்கட ஊரில் 1990க்குப் பிறகு பல வருடம் மின்சாரமே இல்லை. சைக்கிள் தைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். ஆராவது ஒரு வீட்டில் ஜெனரேட்டர் பிடித்துப் படம் போட்டால் ஒழுங்கைச் சனம் முழுக்க முற்றத்தில் பாய் விரித்து இருக்கும். மண்ணெண்ணெய்க்குக் காசு சேர்த்துத்தான் ஓட்டுவார்கள். அதனால் ஒருவரும் இடையில் எழும்ப மாட்டார்கள், ஒரு இரவில் மூன்று படம். கொப்பிக்குக் கொப்பி எடுத்த கேசட் என்பதால் நிறம் எல்லாம் கரைந்துபோய், முகங்கள் சிவப்பாக வழியும். ஆனாலும் நாகேஷ் வரும் காட்சிக்கு முற்றமே அதிரும்.

மாமா இங்கே வரும்போது கொண்டுவந்த கேசட்டுகள் என்னிடம் இருக்கின்றன. கனடா டெக்கில் போட்டால் படம் உருண்டுகொண்டே போகிறது. என்ன செய்யலாம்?

சென்னையிலிருந்து:

இன்னொரு காரணத்துக்காகவும் பழைய கேசட்டை எறியாதீர்கள். 1950, 60களில் வந்த படங்களின் சட்டம் ஏறக்குறைய அக்காலத் தொலைக்காட்சித் திரையின் வடிவம்தான். அதனால் கேசட்டில் கிட்டத்தட்ட முழுப் படமும் தெரியும். இப்போது "எச்டி" என்று வரும் பல பிரதிகளில் அகலத் திரையை நிரப்புவதற்காக மேலேயும் கீழேயும் வெட்டிவிடுகிறார்கள், கால்வாசிப் படம் போய்விடுகிறது. நான் பரதம் கற்றவள். ஜதி சொல்லும்போது ஆடுபவரின் பாதம் திரைக்கு வெளியே போனால் அதில் பார்க்க என்ன இருக்கிறது? மங்கலாக இருந்தாலும் பாதம் தெரியும் கேசட்தான் எனக்கு வேண்டும்.

சினிமாஸ்கோப் வந்தபின் கதை தலைகீழ். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973ல் வந்த ராஜராஜ சோழன். அந்த அகலத்தைத் தொலைக்காட்சிப் பெட்டி முழுக்க நிரப்பினால் இரண்டு பக்கமும் சேர்த்துப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே போய்விடும். அந்த மாதிரிப் படங்களுக்கு, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வந்த டிவிடியையே தேடி வாங்குங்கள்.

திருச்சியிலிருந்து:

டொரொண்டோ தம்பிக்கு: கனடா டெக் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை, ஊர்க் கேசட் பால் முறை. இரண்டையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக் வேண்டும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்தியதோடு புது டெக் உற்பத்தியே முடிந்தது. பழசுதான் கிடைக்கும். வாங்குமுன், தொலைந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டைப் போட்டு நாடாவைக் கசக்குகிறதா என்று பாருங்கள்.

மதுரைக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பால் முறையில் எடுத்த கச்சேரியில் நொடிக்கு 50 அரைப் படங்கள் (ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் உள்ளவை) இருக்கின்றன. மலிவான மென்பொருள்கள் அதை 25 ஆக்கிவிடும். அப்படி ஆக்கினால் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரரின் விரல்கள் குழம்பித் தெரியும். 50ஐயும் காப்பாற்றி ஏற்றினால் விரல் விரலாகப் பிரிந்து தெரியும், எந்தத் தாளச் சொல்லுக்கு எந்த விரல் விழுகிறது என்று மாணவர்கள் பார்த்துக் கற்கலாம். கேசட்டைக் கடையில் கொடுத்து மாற்றுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.